'கூலி' என்ற ஆங்கிலச் சொல்லை வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். மாணவர்கள் பதினான்கு பேர், எல்லாரும் சீன மொழி பேசுகிறவர்கள். பாதிப் பேர் சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மற்றவர்கள் தைவான், மலேசியாக்காரர்கள். போன வாரம் 'என் வேலையிடம்' என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். கணக்கராக வேலை பார்க்கும் ஒரு பெண், 'ஐ ஆம் தி கூலி ஆஃப் மை டிபார்ட்மென்ட்' என்று எழுதி, சிரித்துக்கொண்டே வாசித்தார். வகுப்பும் சிரித்தது. எனக்குத்தான் முகம் மாறிவிட்டது. இது பழைய சொல், இப்போது யாரும் சொல்வதில்லை, கேட்பவர் மனம் புண்படும் என்றேன். 'இது எங்கள் சொல், டீச்சர். கூ என்றால் கசப்பு, லி என்றால் பலம்' என்றார். இல்லை, இது தமிழ்ச் சொல் என்றேன். 'அப்படியானால் உங்கள் ஊரில் இதைச் சொன்னால் தப்பா?' என்று கேட்டார். தப்பில்லையே, தினமும் சொல்கிறோமே! பதில் வராமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். யார் சொன்னது சரி? இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கலாமா, கூடாதா? அவருடைய வாக்கியத்தை எப்படித் திருத்துவது?

வாசகி, சிங்கப்பூர்

பதில்: 'உங்கள் ஊரில் சொன்னால் தப்பா?' என்று உங்கள் மாணவி கேட்டாரே, அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். அந்த நிமிடத்தில் பதில் வராததற்கு வருத்தப்பட வேண்டாம். முப்பது வருடமாக மொழிபெயர்ப்பும் ஆங்கிலப் பயிற்சியுமாகக் காலம் தள்ளும் எனக்கே இந்தச் சொல் முழுதாகப் பிடிபட வெகுநாள் ஆயிற்று.

இங்கே இருப்பது மூன்று சொற்கள். தமிழ்க் கூலி, ஆங்கிலக் கூலி, சீனக் கூலி. காதுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் கேட்கும். தமிழில் அது கைக்கு வரும் பணம். ஆங்கிலத்தில் அது ஓர் ஆள். சீனத்தில் உடம்பு படும் பாடு. அந்தப் பாட்டைப் படுகிறவரையும் அதே சொல்லால் சொல்வார்கள். உங்கள் மாணவி சீனச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்தில் எழுதினார். நீங்கள் ஆங்கிலச் சொல்லாக வாசித்தீர்கள். அப்புறம் தமிழ்ச் சொல்லை வைத்து அவருக்குப் பதில் சொல்லப் பார்த்தீர்கள். திணறாமல் என்ன செய்யும்?

தமிழ்க் கூலியை வகுப்புக்குக் காட்ட எளிய வழி ஒன்று இருக்கிறது. தேக்காவில், அதாவது உங்கள் லிட்டில் இந்தியாவில், நகை வாங்கிய ரசீது ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். தங்கத்தின் எடை, அன்றைய விலை, அதற்கு அடுத்து நகையைச் செய்ததற்கு ஒரு தொகை. ரசீதில் அது ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தாலும் கடைக்காரர் வாயில் வருவது செய்கூலி என்றுதான். 'செய்கூலி எவ்வளவு போடுறீங்க?' என்று பேரம் பேசாமல் எந்தத் தமிழ்க் குடும்பம் நகை வாங்கியிருக்கிறது? தையல்கூலி, நடவுக்கூலி, அரவைக்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று பலகையில் வரிசையாக எழுதிப் போடுங்கள். இத்தனையிலும் ஆளே இல்லை, பணம்தான் இருக்கிறது. ஆளைச் சொல்ல வேண்டுமானால் தமிழ் இன்னொரு சொல்லை ஒட்டிக்கொள்ளும்: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி. இந்த ஒட்டை மறந்துவிடாதீர்கள், மறுபடி அதற்கு வருவேன்.

சொல்லின் வயதுக்குக் குறள் சாட்சி சொல்கிறது. 'தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்பது 619ஆம் குறள். உடம்பை வருத்தி உழைத்தால் அந்த வருத்தத்துக்கான பலன் கிடைத்தே தீரும் என்று சொல்லும்போது, பலன் என்ற இடத்தில் வள்ளுவர் வைத்த சொல் கூலி. மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. எவரிடமிருந்தும் நாம் கடன் வாங்கியதில்லை.

நம் பக்கமும் எல்லாம் சுத்தம் என்று சொல்லமாட்டேன். 'கூலிக்காரப் பய' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்கிறோம், கூலிப்படை என்கிறோம். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிறவரைக் 'கூலி' என்று கைதட்டிக் கூப்பிடும் பழக்கமும் நம் ஊரில் இருந்தது. அது ஆங்கிலக் கூலி நம் வாய்க்குத் திரும்பி வந்த கதை. இந்திய ரயில்வே 2016 பட்ஜெட்டில் அந்தப் பெயரை நீக்கி 'சகாயக்' என்று மாற்றியது. ஆனால் 'இன்னும் கூலி வரவில்லை' என்று ஒரு கொத்தனார் சொன்னால், அதில் அவமானம் எதுவும் இல்லை. அவருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்கிறார், அவ்வளவுதான். மாணவிக்கு நீங்கள் சொல்லவேண்டிய முதல் பதில் இது.

சரி, பணம் எப்படி ஆளாயிற்று?

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் எங்கிருந்து போனது என்பதில் அகராதிக்காரர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒன்று தமிழ்க் கூலி. மற்றொன்று குஜராத்தின் கோலி என்ற சமூகத்தின் பெயர். போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயரைத் தங்கள் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். சுமை தூக்கவும் கடின வேலைக்கும் அமர்த்தப்பட்டவர்களுக்குப் பொதுப்பெயராக அது பரவியது என்பது அந்தக் கட்சியின் வாதம். 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியே இரண்டையும் சொல்லிவிட்டு, கோலி பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ஆனாலும் தமிழ்ச் சொல்லைத் தள்ளிவிட முடியாமல் தவிக்கிறது. என் கணிப்பு, மேற்குக் கரையில் ஆளின் பெயராகப் புறப்பட்ட சொல்லும் தெற்கில் கூலி என்ற பணத்தின் பெயரும் துறைமுகத்தில் கலந்துவிட்டன. காதில் ஒன்றாக விழுந்ததால் ஒன்றாகவே ஆகிவிட்டன. அதனால் வகுப்பில் 'இது தமிழ்ச் சொல்' என்று அடித்துச் சொல்லாதீர்கள். 'தமிழில் பழைய சொல். ஆங்கிலம் இதை இந்தியாவில்தான் எடுத்தது' என்று சொன்னால் போதும், அதில் பிழை வராது.

எந்தக் கட்சியை ஏற்றாலும் ஆங்கிலத்தில் நடந்தது ஒன்றுதான். தமிழ் ஒட்டிவைத்த 'ஆள்', 'காரர்' எல்லாம் உதிர்ந்து போயின. கூலி வாங்குகிறவர் என்று சொல்லவேண்டிய இடத்தில் கூலி என்றார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை, தொழில்கூட இல்லை. மண் வெட்டினாலும் கூலி, பல்லக்குத் தூக்கினாலும் கூலி, கரும்பு வெட்டினாலும் கூலி. 'நாற்பது கூலி அனுப்பு' என்று எழுதும்போது எழுதுகிறவர் கண்ணில் மூட்டைக் கணக்குத்தான் தெரியும், முகம் தெரியாது.

இனி சீனத்துக்கு வருவோம். இங்கே உங்கள் மாணவி சொன்னது பாதி சரி. கசப்பு, பலம் என்ற இரண்டு எழுத்துகளால்தான் அந்தச் சொல்லை எழுதுகிறார்கள், உண்மை. ஆனால் சொல் உள்ளே பிறந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் சீனத் துறைமுகங்களுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் பழகிய சொல்லையே அங்கும் சொன்னார்கள். சீனர்கள் அந்த ஒலிக்குப் பொருத்தமாக எழுத்து தேடிக்கொண்டார்கள். இதை விளக்க 'கோக்கா கோலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் அதை 'கெகோ கெலெ' என்பார்கள். வாய்க்கு ருசி, மனத்துக்கு மகிழ்ச்சி என்று எழுத்துகளுக்குப் பொருள் வரும். அதனால் கோக்கா கோலா சீனச் சொல் ஆகிவிடுமா? வகுப்பே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும். இன்னும் ஒரு சான்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். தென்சீனத்தின் கன்டனீஸ் மொழி பேசுகிறவர் யாராவது வகுப்பில் இருந்தால், 'கூலேய்' என்று அவர்கள் சொல்லும் சொல்லைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு எழுத்திலும் இடப்பக்கம் வாய் போன்ற ஒரு சின்னச் சதுரம் இருக்கும். 'ஒலிக்காக எழுதியது, பொருள் தேடாதே' என்று காட்ட கன்டனீஸில் பல சொற்களுக்குப் போடும் அடையாளம் அது. ஒரே சொல்லை ஓர் ஊரில் கசப்பும் பலமுமாக, இன்னோர் ஊரில் வெறும் ஒலியாக எழுதுகிறார்கள் என்றால், வந்த விருந்தாளிக்கு ஆளாளுக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

ஆனால் அந்தச் சட்டையைத் தைத்த கையை வணங்கத் தோன்றுகிறது எனக்கு. ஒலிக்கு எழுத்து தேடும்போது எத்தனையோ கூ, எத்தனையோ லி கிடைத்திருக்கும். அவர்கள் எடுத்தது கசப்போடு துன்பத்தையும் குறிக்கும் எழுத்தையும் வலுவைக் குறிக்கும் எழுத்தையும். ஆங்கிலம் ஆளை உதிர்த்த இடத்தில் சீன எழுத்து அந்த ஆளின் உடம்பைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது. மெய்வருத்தக் கூலி என்று குறள் சொன்ன மெய்வருத்தம்தான் அந்த முதல் எழுத்து. இதை நான் முதன்முதலாகக் கவனித்த அன்று வேலை ஓடவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மொழிகள் அந்த ஒரே சொல்லுக்குப் பக்கத்தில் ஒரே வலியை எழுதி வைத்திருக்கின்றன. இதை உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். 'உங்கள் சொல்லா எங்கள் சொல்லா' என்ற சண்டைக்கு அப்புறம் இடமிருக்காது.

அடுத்து, கேட்பவர் மனம் ஏன் புண்படுகிறது என்ற கேள்வி. இதற்கு வரலாறு சொல்லாமல் முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு மொரீஷியஸுக்கு இந்தியர்களை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். அடுத்த எண்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அந்த ஒரு தீவுக்கு மட்டும் போய் இறங்கினார்கள். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய இடத்துக்கு அன்றைய பெயர் 'கூலி காட்', கூலிகளின் படித்துறை. இன்று அது ஆப்ரவாசி காட், அதாவது குடியேறியவர்களின் படித்துறை, 2006 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பெயரை ஏன் மாற்றினார்கள் என்று மாணவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள்.

சீனப் பக்கமும் அதே கதைதான், சில இடங்களில் இன்னும் கொடுமை. 1847இல் தென்சீனத்தின் அமோய் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட சுமார் 200 சீனர்களோடு ஒரு கப்பல் கியூபாவின் ஹவானாவில் நின்றது. எட்டு வருட ஒப்பந்தம், மாதம் நான்கு பெசோ. 1874 வரை 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் கியூபாவுக்கு மட்டும் கொண்டுபோகப்பட்டார்கள். பெருவுக்குப் போனவர்கள் தனி. ஆங்கிலம் இதைக் 'கூலி டிரேட்' என்று எழுதியது. கன்டனீஸ் மக்கள் இதற்கு வைத்த பெயர் 'பன்றிக்குட்டி விற்பது'. உங்கள் வகுப்பில் யாருக்காவது இந்தத் தொடர் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

1874இல் சீனாவை அன்று ஆண்ட சிங் வம்ச அரசு சென் லான்பின் என்ற அதிகாரியின் தலைமையில் கியூபாவுக்கு ஒரு குழு அனுப்பியது. தோட்டம் தோட்டமாகப் போய் 1,176 பேரின் வாக்குமூலங்களைப் பதிந்தார்கள். அதோடு 85 மனுக்கள், அவற்றில் 1,665 கையெழுத்துகள். ஆங்கிலச் சொல் பெயரில்லாமல் ஆக்கிய மனிதர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி, தங்களுக்கு நடந்ததையும் சொன்ன ஆவணம் அது. போர்த்துக்கீசியர் வசமிருந்த மக்காவ் துறைமுகம் வழியாக நடந்த ஆள் ஏற்றுமதியும் அதே 1874இல் நின்றது.

அமெரிக்காவில் இந்தச் சொல் வேறு வேலைக்குப் பயன்பட்டது. கூலி வணிகத்தில் அமெரிக்கக் கப்பல்கள் ஈடுபடக் கூடாது என்று 1862 பிப்ரவரியில் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது, அது நல்லதுதான். ஆனால் அதே வருடம் கலிஃபோர்னியாவில் 'கூலிகளிடமிருந்து வெள்ளைத் தொழிலாளரைக் காப்பது' என்று சொல்லிச் சீனர்கள் மேல் மாதம் இரண்டரை டாலர் வரி போட்டார்கள். சொந்தக் காசில் கப்பலேறி வந்தவரும் கூலி, கடை வைத்திருந்தவரும் கூலி. தொழிலின் பெயர் இனத்தின் பெயராக மாறியது இப்படித்தான்.

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 1893இல் அங்கு போன காந்தி தன் வரலாற்றில் எழுதுகிறார்: இந்தியர் எல்லாருக்குமே கூலி என்றுதான் பெயர், வியாபாரி 'கூலி வியாபாரி', அவர் 'கூலி பாரிஸ்டர்'. இன்னொரு பெயரும் இருந்ததாம், 'சாமி'. ராமசாமி, முனுசாமி என்று தமிழர் பெயர்கள் முடிவதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வெட்டி எடுத்துக்கொண்டது. கொஞ்சம் துணிச்சலான இந்தியர் யாராவது, 'என்னைச் சாமி என்கிறாய், சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உன் எஜமான் இல்லையே' என்று திருப்பிக் கொடுப்பாராம். அந்தப் பதிலைக் கேட்டுச் சில வெள்ளைக்காரர்கள் முகம் சுளிப்பார்களாம், சிலர் கோபப்பட்டு அடிக்கவும் செய்வார்களாம். தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் இன்றைக்கும் இந்திய வம்சாவளியினர் ஒருவரைக் 'கூலி' என்று வெளியாள் சொன்னால் அது வசவு.

சிங்கப்பூருக்கு வருவோம், உங்கள் வகுப்பு அங்கேதானே இருக்கிறது. பகோடா ஸ்ட்ரீட் தெரியுமல்லவா? அந்தப் பெயர் மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்து வைத்தது. 19ஆம் நூற்றாண்டில் அதே தெருவில்தான் சீனாவிலிருந்து வந்து இறங்கிய தொழிலாளர்களை அடைத்து வைத்த விடுதிகள் இருந்தன. ஆற்றங்கரையில் ஆரம்ப காலத்தில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம்கள். பிறகு அந்த வேலை சீனர் கைக்குப் போனது. படகிலிருந்து ஒடுங்கிய பலகை வழியே மூட்டையைச் சுமந்து போகிறவருக்கு, ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி என்று எண்ணிக் கொடுப்பார்கள். சாயங்காலம் குச்சியை எண்ணித்தான் கூலி. அந்தக் குச்சிதான் தமிழ்க் கூலி. மூட்டையைத் தூக்கியவர் ஆங்கிலக் கூலி. அவர் முதுகில் அன்று இருந்த வலி சீனக் கூலி. பலகையில் இதைப் படமாகப் போட்டாலே பாடம் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

என் பாட்டி மலேசியாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 'இன்னைக்குக் கூலி ஒரு வெள்ளி இருபது காசு' என்று அந்தக் காலத்தைச் சொல்லும்போது குரலில் ஒரு கணக்குப்பிள்ளையின் கறார் இருக்கும். ஒரு காசு குறைத்தாலும் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் போய் நிற்பாராம். நான் பள்ளியில் படித்தபோது ஒரு பழைய தோட்ட வரைபடம் கிடைத்தது. அதில் அவர்கள் குடியிருந்த லயத்தின் மேல் 'கூலி லைன்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். பாட்டி உடனே, 'கூலி போடுற எடம் ஆபீஸ்ல இருக்கு, லயத்துல ஏன் எழுதியிருக்கான்?' என்று கேட்டார். அது அவர்களைத்தான் குறிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று வரை அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை.

இனி வகுப்பறை வேலை. ஆங்கில அகராதிகளில் இந்தச் சொல்லின் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கும்: பழைய வழக்கு, புண்படுத்துவது. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள், விடாதீர்கள். வானொலியை 'வயர்லெஸ்' என்பது பழைய வழக்கு. சொன்னால் தாத்தா மாதிரி இருக்கும், யாருக்கும் வலிக்காது. 'கூலி' இரண்டு குறிப்பும் சேர்ந்த சொல். உங்கள் முதல் விளக்கத்திலும் 'பழையது' என்பது முன்னால் வந்துவிட்டது. அதனால்தான் மாணவிக்கு அது வெறும் பாணிப் பிரச்சினையாகத் தெரிந்திருக்கும்.

சொல்லிக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கத்தான் வேண்டும். வாசித்தால் புரிய வேண்டிய சொல் இது. 1930க்கு முந்தைய ஆங்கில நாவல், பயணக் குறிப்பு, கப்பல் கணக்கு எதைத் திறந்தாலும் எதிரே வந்து நிற்கும். அருங்காட்சியகப் பலகையில் இருக்கும். ஆனால் தானாக எழுதவோ பேசவோ தேவைப்படாத சொல். மாணவர்களின் நோட்டில் 'புரிந்துகொள்ள' என்று ஒரு பக்கம், 'பயன்படுத்த' என்று ஒரு பக்கம் பிரிக்கச் சொல்லி, இதை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வரலாற்றைப் பற்றி எழுதும்போது ஆவணத்தில் உள்ளதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதலாம். தன் வாயால் சொல்லும்போது 'இன்டென்ச்சர்ட் லேபரர்', அதாவது ஒப்பந்தத் தொழிலாளி, என்று எழுதினால் சரி. இன்றைய வேலையைச் சொல்ல லேபரர், மேனுவல் வொர்க்கர். பெட்டி தூக்குகிறவர் போர்ட்டர். கூம்பு வடிவ மூங்கில் தொப்பியைப் பழைய ஆங்கிலம் 'கூலி ஹேட்' என்றது. இப்போது 'கானிக்கல் ஹேட்' என்பதே வழக்கம்.

சீன மாணவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. பொதுச் சீன மொழியான மாண்டரினில் இந்தச் சொல் இன்று சிரித்துக்கொண்டு சொல்லும் சொல். நண்பன் வீடு மாற்றும்போது சோபா தூக்கப் போனால் 'கூலி வேலை பார்த்தேன்' என்பார்கள். கடைப் பைகளைச் சுமக்கும் காதலன் 'இலவசக் கூலி'. உங்கள் மாணவி எழுதியதும் இந்தத் தொனியில்தான். தன்னைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை, யாரையும் குத்தவும் இல்லை. சீன-ஆங்கில அகராதி ஒன்றுக்கு ஒன்று என்று காட்டுவதால் தொனியும் கூடவே வரும் என்று நினைத்துவிட்டார். இந்தோனேசியர்கள் பத்திரிகையாளரை 'கூலி திந்தா', மைக்கூலி, என்பார்கள், அதிலும் ஒரு பிரியம் இருக்கிறது. இப்படித் தமிழிலும் மாண்டரினிலும் இந்தோனேசிய மொழியிலும் உயிரோடு உலவும் சொல் ஆங்கிலத்தில் மட்டும் ஏன் காயமாக இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். நம் மொழிகளில் அந்த வேலையைச் செய்தவர்களே தங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் மேலே நின்றவர் கீழே பார்த்துச் சொன்னார்.

ஒலியையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். 'நிதானமாக' என்று பொருள்படும் 'கூல்லி' என்ற வினையடை காதில் கிட்டத்தட்ட இதேபோல விழும், எழுத்து வேறு. 'ஹி ஆன்ஸர்ட் கூல்லி' என்பதைக் கேட்டுவிட்டுத் தவறாக எழுதும் மாணவர்கள் உண்டு.

கடைசியாக அந்த வாக்கியம். சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். அலுவலகத்தில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். எல்லாரும் தள்ளிவிடும் சலிப்பான வேலை தன் தலையில் விழுகிறது என்றால், 'ஐ டூ ஆல் தி டாங்கி வொர்க் இன் மை டிபார்ட்மென்ட்'. பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசும் உங்கள் ஊரில் இது நன்றாகச் செல்லும். அமெரிக்க நிறுவனத்தில் இருந்தால் 'கிரன்ட் வொர்க்' பொருந்தும். ஆளாளுக்கு ஏவுகிறார்கள் என்று சொல்ல நினைத்தால் 'டாக்ஸ்பாடி'. கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் சிரிப்பும் சேர்ந்த சொல், அவர் தொனிக்கு மிக அருகில் வருவது இதுதான். தன் உழைப்பால்தான் அந்தப் பிரிவே நடக்கிறது என்ற பெருமை உள்ளே இருந்தால், 'ஐ ஆம் தி வொர்க்ஹார்ஸ் ஆஃப் மை டிபார்ட்மென்ட்'. எல்லாவற்றையும் பலகையில் எழுதி வைத்துவிட்டு, அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.